சந்துகளுக்கு வைத்தியம் செய்த பேராசிரியர்

1914ம் வருஷம் செப்டம்பர் 22ந் தேதி இரவு. சென்னைப் பட்டணம் உண்டு உறங்கப் போகும் நேரம். திடீரென்று கடற்பக்கமிருந்து இடி இடிப்பது போல ஓசை எழுந்தது. எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று குண்டுகளைப் பொழிந்தது. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. ராயபுரத்து வானம் செக்கச் செவேலென்று சிவந்தது. மறுநாள் முதல் மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பட்டணத்தை விட்டு வெளியேறினார்கள். எம்டன் போய்விட்டது, பெயர் மட்டும் தமிழிலேயே தங்கிவிட்டது. யாருக்கும் அடங்காத ஆசாமியை எம்டன் என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா?

அதே எம்டன் சென்னைக்கு இன்னொரு நஷ்டத்தையும் உண்டாக்கிற்று. அது பலருக்குத் தெரியாது. அடுத்த மாதம், அக்டோபரில், மினிக்காய்த் தீவுக்கு அருகே கிளான் கிராண்ட் என்ற சரக்குக் கப்பலை அது மூழ்கடித்தது. அந்தக் கப்பலில் நகரங்களின் படங்கள், பழைய வரைபடங்கள், மாதிரி உருவங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக இருந்தன. ஒரு மனிதர் பல வருஷங்களாகத் தேடித் தேடிச் சேர்த்த செல்வம் அது. சென்னை கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பின் பேரில், இங்கே கண்காட்சி வைப்பதற்காக அனுப்பப்பட்டது. அத்தனையும் கடலுக்கு இரையாயிற்று.

அவற்றின் சொந்தக்காரர் வேறு கப்பலில் வந்ததால் தப்பினார். அப்போது அவருக்கு வயது அறுபது. வேறொருவராயிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். அவரோ தம் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் பிரிட்டனில் புதிதாகப் படங்களைத் திரட்டி அனுப்பினார்கள். 1915 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலுள்ள செனட் மாளிகையில் கண்காட்சி நடந்தே விட்டது.

அவர்தான் பாட்ரிக் கெட்டிஸ். உத்தியோகத்தில் தாவர சாஸ்திரப் பேராசிரியர். உலகமோ அவரை நகர அமைப்புக் கலையின் முன்னோடி என்று போற்றுகிறது. செடி கொடிகளைப் பற்றிப் பாடம் சொன்னவருக்கும் சந்து பொந்துகளுக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சம்பந்தந்தான் அவருடைய வாழ்க்கை.

தோட்டமே முதல் பள்ளிக்கூடம்

ஸ்காட்லாந்தில் பாலட்டர் என்ற சிற்றூரில் 1854ம் வருஷம் அக்டோபர் 2ந் தேதி அவர் பிறந்தார். தகப்பனார் பட்டாளத்தில் வேலை பார்த்தவர். குழந்தைக்கு மூன்று வயதிருக்கும்போது குடும்பம் பெர்த் நகரின் அருகே ஒரு மலைச்சரிவு வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டைச் சுற்றித் தோட்டம். பாத்தி கட்டவும் விதை ஊன்றவும் தகப்பனாரே மகனுக்குக் கற்றுக் கொடுத்தார். மலைமேல் ஏறி நின்றால் டே நதியும் அதன் பள்ளத்தாக்கும் கண்ணுக்குத் தெரியும். மேலே காடு, நடுவே வயல், கீழே ஊர், அப்பால் கடல். மனிதன் செய்யும் தொழிலும் அவன் கட்டும் ஊரும் அவன் நிற்கும் மண்ணிலிருந்து பிறக்கின்றன என்ற எண்ணம் அந்தச் சிறுவன் மனத்தில் அங்கேயே வேர் விட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஒன்றரை வருஷம் பாங்கியில் குமாஸ்தா வேலை. அதில் மனம் ஒட்டவில்லை. எடின்பரோ சர்வகலாசாலையில் தாவர சாஸ்திரம் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் வெளியேறினார். உலர்ந்த செடியை அறுத்துப் பெயர் சொல்லும் படிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு லண்டனில் பேரறிஞர் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். கடைசி வரையில் அவர் ஒரு பட்டமும் வாங்கவில்லை. பரீட்சைக்காகப் படிக்கும் படிப்பின்மேல் அவருக்கு வாழ்நாள் முழுவதும் வெறுப்பு உண்டு.

1879ல் ஆராய்ச்சிக்காக மெக்ஸிகோ சென்றார். அங்கே விதி குறுக்கிட்டது. கண்பார்வை மங்கிற்று. இருட்டறையில் வாரக் கணக்கில் அடைந்து கிடக்க வேண்டியதாயிற்று. இருபத்தைந்து வயது வாலிபனுக்கு இதைவிடப் பெரிய சோதனை வேறென்ன? ஒரு நாள் ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவிக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு யோசனை உதித்தது. கட்டம் கட்டமாக மடித்த காகிதத்தில் கருத்துகளை வரிசையாக வைத்து, ஒன்றோடு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் என்ன? கண் திறவாமலே சிந்திக்க அது ஒரு வழியாயிற்று. இடம், தொழில், மக்கள் என்ற மூன்று சொற்களை அப்படிக் கட்டங்களில் வைத்து ஆராய்வது பிற்காலத்தில் அவருடைய முறையாகவே ஆயிற்று.

பார்வை மீண்டது. ஆனால் பூதக்கண்ணாடியில் மணிக்கணக்காகக் கண்ணை வைக்கும் வேலை இனி ஆகாது என்றாயிற்று. நுண்ணிய உயிர்களைப் பார்த்த கண்கள் ஊரைப் பார்க்கத் தொடங்கின.

சேரிக்குக் குடி போன தம்பதிகள்

1886ல் அன்னா மார்ட்டன் என்ற பெண்மணியை மணந்தார். லிவர்பூல் வியாபாரி ஒருவரின் மகள். சங்கீதத்தில் தேர்ந்தவர். மணமான மறு வருஷமே அந்தத் தம்பதிகள் செய்த காரியம் எடின்பரோ நகரத்தையே வியக்க வைத்தது.

எடின்பரோவில் பழைய நகரம், புதிய நகரம் என்று இரண்டு உண்டு. கையில் காசு சேர்ந்தவர்களெல்லாம் வடக்கே புதிய நகரத்தில் அகன்ற வீதிகளில் குடியேறிவிட்டார்கள். பழைய நகரத்தின் ஆறேழு மாடிக் கட்டடங்களில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். சாக்கடை, இருட்டு, நோய். சென்னைவாசிகளுக்கு இது புதிய கதை அல்ல. அங்கே பணக்காரர்கள் வடக்கே போனார்கள். இங்கே தெற்கே போனார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கெட்டிஸ் தம்பதிகள் எதிர்த்திசையில் நடந்தார்கள். பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்தில், ஏழைகள் மத்தியில் வீடு எடுத்துக்கொண்டார்கள். உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. தங்கள் வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜன்னலில் பெட்டி வைத்துப் பூச்செடி வளர்த்தார்கள். அண்டை அயலார் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு துடைப்பத்தை எடுத்தார்கள். பிறகு பக்கத்துச் சுவர்களுக்கும் வெள்ளை ஏறியது. மிகவும் கெட்டுப்போன ஒன்றிரண்டு கட்டடங்களை மட்டும் இடித்து வெளிச்சத்துக்கு வழி செய்தார் கெட்டிஸ். மற்றவற்றைப் பழுது பார்த்தார். மாணவர்களுக்கு விடுதி நிறுவி, அவர்களையே அதை நிர்வகிக்கச் செய்தார். படித்தவர்கள் அந்தப் பகுதிக்குத் திரும்பி வர வேண்டும் என்பது அவர் எண்ணம்.

நல்ல வைத்தியன் கை கால் வலிக்கு உடலை வெட்டி எறிவதில்லை. நாடி பார்க்கிறான், தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் கத்தி வைக்கிறான். ஊருக்கும் அதுதான் முறை என்றார் கெட்டிஸ். முதலில் ஒவ்வொரு சந்தாக நடந்து பார். யார் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், எந்த மரத்தடியில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று குறித்துக்கொள். பிறகு திட்டம் போடு. இந்த ஒழுங்கு அவர் தாவர சாஸ்திரத்திலிருந்து கொண்டுவந்தது. 1888 முதல் அவர் டண்டீ நகரில் பேராசிரியராக இருந்தார். அங்கே அவருடைய மாணவர் ராபர்ட் ஸ்மித் மலையும் சமவெளியுமாக நடந்து, எந்த நிலத்தில் எந்தச் செடிகள் கூடி வாழ்கின்றன என்று வரைபடம் போட்டார். ஆசிரியர் அதே வேலையை மனிதர் குடியிருக்கும் தெருக்களில் செய்தார்.

ஊரைப் பார்க்கும் கோபுரம்

எடின்பரோ கோட்டைக்குப் போகும் வழியில் ஓர் உயரமான பழைய கட்டடம் இருந்தது. அதன் உச்சியில் ஓர் இருட்டறை. கூரையிலுள்ள கண்ணாடியும் லென்சும் வெளியே நடப்பதையெல்லாம் உள்ளேயுள்ள வெள்ளை மேஜைமீது படமாக விழச் செய்யும். 1892ல் கெட்டிஸ் அந்தக் கட்டடத்தை வாங்கினார். அதை ஒரு பள்ளிக்கூடமாக, கண்காட்சியாக, ஊர்ச் சாவடியாக மாற்றினார்.

வருகிறவர்களை முதலில் உச்சிக்கே விறுவிறுவென்று ஏற்றிக்கொண்டு போவார். மேஜைமீது தங்கள் ஊரே நடமாடுவதை அவர்கள் காண்பார்கள். அதற்குக் கீழ் மாடியில் எடின்பரோ நகரத்தின் படங்களும் வரலாறும். அடுத்தது ஸ்காட்லாந்து. அதற்கும் கீழே ஆங்கிலம் பேசும் நாடுகள், பிறகு ஐரோப்பா. தரைத் தளத்தில் உலகம். சாதாரணமாகப் பள்ளிகளில் பூகோளம் உலக உருண்டையிலிருந்து தொடங்கும். சொந்தத் தெரு கடைசி வரையில் வராது. கெட்டிஸின் கோபுரத்தில் தெருதான் முதல் பாடம்.

கோபுரத்தில் கற்றது கோபுரத்தோடு நின்றுவிடவில்லை. அங்கே ஒரு குழு அமைந்தது. பழைய நகரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த காலி மனைகளை அது கணக்கெடுத்தது. எழுபத்தைந்து இடங்கள் தேறின. எல்லாம் குப்பை மேடுகள். கெட்டிஸின் மகள் நோரா அவற்றில் சிலவற்றைத் தோட்டங்களாக்கும் வேலையை ஏற்றார். தெருப் பிள்ளைகள் மண் சுமந்தார்கள், செடி நட்டார்கள், தண்ணீர் விட்டார்கள். இலையால்தான் உலகம் உயிர் வாழ்கிறது, காசால் அல்ல என்பது கெட்டிஸின் நம்பிக்கை. அந்த உண்மை ஒரு குழந்தைக்குப் புத்தகத்தைவிடத் தன் கையால் நட்ட செடியில் சீக்கிரம் விளங்கும் என்று அவர் எண்ணினார். கை, நெஞ்சு, தலை. கல்விக்கு இந்த மூன்றும் வேண்டும் என்றார்.

குறையில்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஒரு காரியத்தைத் தொடங்கி, அது முடிவதற்குள் இன்னொன்றுக்குத் தாவிவிடுவார். கணக்கு வழக்கில் கவனம் போதாது. கட்டடங்களுக்காக வாங்கிய கடன் மலையாய்க் குவிந்தது. 1896ல் நண்பர்கள் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி அந்தப் பாரத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடர்ந்த தாடிக்குள்ளிருந்து அவர் முணுமுணுக்கும் பேச்சு பின் வரிசைக்கு எட்டாது. எழுத்து நடையோ கரடு முரடு. ஆனால் அவரோடு ஒரு மணி நேரம் தெருவில் நடந்தவர்கள் அதே தெருவைப் பிறகு பழைய கண்ணோடு பார்த்ததில்லை.

தமிழ்நாட்டில் கெட்டிஸ்

சென்னைக் கண்காட்சியோடு அவர் நிற்கவில்லை. இம்மாகாணத்து ஊர்களை நேரில் பார்க்கப் புறப்பட்டார். காஞ்சிபுரம் அவரைப் பரவசப்படுத்தியது. கோயில், வீதி, வீடு, தோப்பு எல்லாம் ஒன்றுக்கொன்று இசைந்த தோட்ட நகரத்தை அங்கே கண்டார். மேல்நாட்டில் புதிதாகக் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருந்த ஒன்று இங்கே நூற்றாண்டுகளாக இருந்து வருவதை எடுத்துச் சொன்னார். தேரோடும் வீதிகள் ஏன் சுருங்கவில்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. வருஷம் ஒரு முறை தேர் வந்தாக வேண்டும். ஆகவே யாரும் திண்ணையை வீதியில் நீட்ட முடியாது. எந்தச் சட்டமும் செய்ய முடியாத காவலைத் திருவிழா செய்தது.

தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியில் வேறு அனுபவம். நெருக்கத்தைப் போக்க வேண்டுமென்று, வீடுகளை ஊடறுத்து நேர்கோட்டில் அகலத் தெருக்கள் போட முனிசிபாலிடி இஞ்சினீயர் திட்டம் தீட்டியிருந்தார். கெட்டிஸ் ஒவ்வொரு சந்திலும் புகுந்து புறப்பட்டார். இடிந்து கிடந்த சில வீடுகளை அகற்றினால் போதும். காலி மனைகளைச் சிறு சதுக்கங்களாக்கி மரம் நட்டால் போதும். காற்றும் வெளிச்சமும் வரும். குடும்பங்கள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. செலவோ பல மடங்கு குறையும். இதை அவர் வரைபடத்திலேயே காட்டினார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களைத் தூர்ப்பதையும் அவர் எதிர்த்தார். குளத்தைச் சுத்தம் செய்து மீனும் வாத்தும் விட்டால் கொசு ஒழியும். குளம் போனால் ஊரின் குளிர்ச்சியும் தண்ணீரும் போகும் என்பது அவர் வாதம். அந்த வாதம் சென்னையில் எடுபடவில்லை. 1920களில் மாம்பலம் ஏரி நிலம் வீட்டு மனைகளாயிற்று. அங்கே எழுந்ததுதான் தியாகராய நகர்.

இந்தூர் சமஸ்தானத்தில் நடந்தது ஒரு கதை போல இருக்கும். அங்கே பிளேக் நோய் பரவியிருந்தது. கையில் வரைபடத்தோடு சந்துகளில் திரிந்த வெள்ளைத் தாடிக்காரரைக் கண்டு ஜனங்கள் மிரண்டார்கள். வீட்டை இடிக்க வந்தவர் என்று சிலர், நோயைக் கொண்டு வந்தவர் என்று சிலர். கெட்டிஸ் மகாராஜாவிடம் போய், ஒரு நாள் அதிகாரம் தமக்குத் தரும்படி கேட்டார். 1917 தீபாவளி அன்று பெரிய ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தமாகின்றனவோ அந்தத் தெருக்களின் வழியாகத்தான் ஊர்வலம் போகும் என்று அறிவித்தார். விடுவார்களா? ஊரே துடைப்பமும் சுண்ணாம்புமாகக் கிளம்பியது. அன்றைக்கு யானை, குதிரை, மேளதாளத்தோடு ராட்சச எலியின் உருவமும் கொசுவின் உருவமும் பவனி வந்தன. தெருக் கூட்டும் தொழிலாளர்கள் வெள்ளை உடை உடுத்தி, பூச்சூட்டிய துடைப்பங்களோடு மரியாதையாக நடந்தார்கள். முடிவில் அழுக்கரக்கன் தீக்கிரையானான். வீட்டில் நட ஜனங்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன.

அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் மூத்த மகன் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் மாண்டான். தந்தையோடு இந்தியாவுக்கு முதலில் வந்த மகன் அவன். செய்தி வந்தபோது அன்னா நோய்வாய்ப்பட்டிருந்தார். மனைவியிடம் சொல்லக் கெட்டிஸுக்கு மனம் துணியவில்லை. மகனிடமிருந்து முன்பு வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி வந்தார். ஜூன் மாதம் கல்கத்தாவில் அன்னா காலமானார், மகன் இறந்தது தெரியாமலே. ஐந்து மாதம் கழித்து அந்த மனிதர்தான் இந்தூரில் தீபாவளி நடத்தினார்.

1919ல் பம்பாய் சர்வகலாசாலையில் சமூகவியல், நகரவியல் பேராசிரியரானார். பிற்காலத்தில் இந்தியச் சமூகவியலின் தூண்களில் ஒருவராக விளங்கிய குர்யே அவரிடம் படித்தவர். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் வாழ்க்கையைக் கெட்டிஸ் நூலாக எழுதினார். ரவீந்திரநாத் தாகூர் அவருடைய நண்பர். 1924ல் உடல்நலம் குன்றி இந்தியாவை விட்டுச் சென்றார். பிரான்ஸில் மான்ட்பெல்லியர் நகரத்தின் ஓரத்தில், கற்கள் நிறைந்த மேட்டில், தோட்டத்தோடு கூடிய ஒரு கல்லூரியைத் தம் கையாலேயே கட்டத் தொடங்கினார். 1932ல் சர் பட்டம் பெற்றார். அதே வருஷம் ஏப்ரல் 17ந் தேதி அங்கேயே காலமானார்.

ராயபுரத்துக்கு ஒரு பாடம்

கெட்டிஸ் எழுதிய திட்டங்களில் பெரும்பாலானவை அலமாரிகளிலேயே தங்கிவிட்டன. எனினும் எடின்பரோக் கோபுரம் இன்றும் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் உச்சிக்கு ஏறி அந்த மேஜையைப் பார்க்கிறார்கள். நோராவும் பிள்ளைகளும் போட்ட தோட்டங்களில் சில இன்னும் பசுமையாக இருக்கின்றன.

எம்டனின் குண்டு விழுந்த கரையில் இன்று என்ன நிலைமை? 1856ல் தென்னாட்டின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. துறைமுகமும் ஆலைகளும் ஊருக்குச் சோறு போட்டன, புகையையும் கொடுத்தன. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து மீனவர் வலைகளைக் கறுப்பாக்கியது. அதே வருஷம் தமிழக அரசு வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தது. பணம் வரும்போது இயந்திரமும் வரும். எதை இடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வியும் உடன் வரும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்குத் தகுதி உண்டு? கெட்டிஸின் வழியில் பார்த்தால், தெருவை அறிந்தவர்களுக்கே உண்டு. தெருவை அறியப் பள்ளிக்கூடத்தைவிடப் பொருத்தமான இடம் எது? ராயபுரத்துச் சந்து ஒவ்வொன்றிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எந்த மூலையில் மழைநீர் தேங்குகிறது, எந்த வீட்டுப் பாட்டிக்கு எந்தக் கஷாயம் தெரியும், எந்தத் தாத்தா கட்டுமரம் கட்டியவர் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதை ஒரு பெரிய காகிதத்தில் அவர்களே வரைந்து பள்ளிச் சுவரில் மாட்டட்டும். பள்ளி முற்றத்தில் ஒரு பூவரசும் ஒரு வேம்பும் நிற்கட்டும். மாலையில் கதவு பெற்றோருக்கும் திறந்திருக்கட்டும். வலை பின்னுகிறவரும் ரயில்வேத் தொழிலாளியும் அந்தப் படத்தின் எதிரே நின்று, இந்தச் சந்துக்கு வேண்டியது விளக்கா, வாய்க்காலா என்று தர்க்கம் செய்யட்டும். இதற்குக் கோபுரம் கட்ட வேண்டியதில்லை. ராயபுரத்துப் பள்ளி ஒன்றின் மொட்டை மாடியே போதும். அங்கே ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் தண்டவாளம், நடுவே தங்கள் தெரு. பிள்ளைகளுக்கு முதல் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.